எந்தப் பிரிவில் பேர் கொடுப்பது

சூலூரிலிருந்து கோவைக்குப் போகும் காலைப் பேருந்தில் கல்லூரிப் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் புதிதாய் மணமான இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க, பைக் பந்தயத்துக்குப் போனா பின் சக்கரத்துச் சேலைக் கம்பியக் கழட்டோணுமாமா?” என்றாள் அவள்.

அதன் பிறகு எனக்குப் பாடம் ஓடவில்லை.

“ஆமா கண்ணு. லைட்டு, கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாமே கழட்டோணும். விழுந்தா குத்திப்போடும்.”

“பந்தயம் முடிஞ்சு மாட்டிக்கலாமுங்களா?”

“சாதா வண்டிப் பிரிவுன்னா மாட்டிக்கலாம். அதுல இஞ்சினத் தொடப்படாது. நான் பேரு குடுக்கறது அதுக்கு மேல் பிரிவுக்கு. ஒர்க்‌ஷாப்புல நிக்குதல்ல, நாளைக்கு அதோட சிலிண்டர அராவி வேகமாக்கறாங்க. அப்பறம் அது ரோட்டுக்கு ஆகாது.”

“எங்கப்பன் சீரு குடுத்த வண்டிங்க அது! நான் மில்லுக்கு எதுல போறது?”

“இன்னிக்கு வர்றமல்ல, இந்த மாதிரி பஸ்ஸுலதான்.”

“இதுக்கு முன்ன பந்தயம் ஓட்டியிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்பறம் எடுத்தொடனே எதுக்குங்க மேல் பிரிவு?”

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சாதா வண்டியில ஓட்டறதெல்லாம் என்னாட்டப் புதுசுக, கண்ணு. அதுல செயிச்சா ஊருக்குள்ள ஒருத்தனும் பேசமாட்டான்.”

“நான் பேசறனுங்க. மில்லுல அத்தன தறிச் சத்தத்துலயும் கேக்கற மாதிரி பேசறேன்.”

அவன் சிரித்துவிட்டான். “செரி அம்மணி, சாதா வண்டிக்கே குடுத்துப்போடறேன்.”

“ஆனா செயிச்சாத்தானுங்க பேசுவேன்.”