முதல் நாள் வெள்ளைப் பந்து மட்டும்

— தலையைத் தூக்காதேடா. பந்து ஓடி நிக்கிற வரைக்கும் தாடை க்யூ மேலேயே இருக்கணும். எத்தனை தடவை சொல்றது?

— தூக்கலையே மாமா.

— தூக்கினே. அடிச்ச கையோட சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே. அங்க என்ன, பந்து விழற பாக்கெட்டா தொங்குது?

— அவனை விடுங்க மாமா, என்னைப் பாருங்க. இந்தக் குச்சி விரலுக்கு நடுவுல வழுக்கிக்கிட்டே போகுது.

— குச்சின்னு சொல்லாதே குட்டி, க்யூ. இடது கையை மேசைல பரப்பி வை. விரல் கணுவை மட்டும் தூக்கு. கட்டைவிரலை ஆள்காட்டி விரலோட ஒட்டு. ஒரு பள்ளம் வந்துச்சா? அதுல வை. வலது கை இவ்வளவு இறுக்கம் வேண்டாம். குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி.

— குருவி பறந்துடுச்சுன்னா?

— உன் வாய்க்குப் பயந்தே அது பறந்துடும். அடி.

— எப்போ மாமா கலர் பந்து? வந்ததுலேர்ந்து இந்த வெள்ளையவே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உருட்டிக்கிட்டிருக்கோம். தாலாட்டா பாடறோம்?

— இந்த ஸ்னூக்கர் கிளப்புல என்கிட்ட யார் கத்துக்க வந்தாலும் முதல் நாள் வெள்ளைப் பந்து மட்டும்தான். என் அக்கா பிள்ளைங்கன்னு சலுகையெல்லாம் கிடையாது. நேரா அடிச்சா அது எதிர் விளிம்புல முட்டி உன் க்யூ முனைக்கே திரும்பி வரும். வரலேன்னா கை கோணல். இருங்க, போன் அடிக்குது. நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க, நான் ஜன்னல் பக்கம் போய்ப் பேசிட்டு வரேன்.

— சொல்லுக்கா. ம், ரெண்டும் இங்கதான் இருக்குதுங்க. மச்சான் பெட்டி கட்டிட்டாரா? நாலு மணிக்குத்தான் வண்டியா? சரி. சரிக்கா, அதுவரைக்கும் நான் புடிச்சு வெச்சுக்கறேன். ஆனா இது நல்லாவா இருக்கு? அப்பா வீட்டை விட்டுப் போறாரு, பிள்ளைங்க வந்து காலி அலமாரியைப் பார்க்கணுமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? ஏதோ ஆசைப்பட்டு விளையாடக் கத்துக்க வருதுங்கன்னு நான் சந்தோஷப்பட்டேன். சரி, நான் எதுவும் சொல்லல. அழாதே. வெச்சுடறேன்.

— அம்மாதானே மாமா?

— ஆமாடா. வர்றப்போ பால் வாங்கிட்டு வரச் சொன்னா. குட்டி எங்க?

— தண்ணி புடிக்கப் போயிருக்கா. பால் வீட்ல ரெண்டு பாக்கெட் இருக்கு.

— அப்படியா. காஞ்சு போயிருக்கும்... திரிஞ்சு போயிருக்கும்.

— எனக்குத் தெரியும் மாமா. அப்பா சட்டை ஒண்ணு கூட அலமாரியில இல்ல. சவர செட்டும் இல்ல.

— எப்போ பார்த்தே?

— காலையில. கிளம்பறப்போ என்னைக் கூப்பிட்டு, நல்லா விளையாடுடான்னு தலையைத் தடவினாரு. அவர் அப்படியெல்லாம் செய்யற ஆளே இல்ல.

— என்கிட்ட என்னடா எதிர்பார்க்கறே? எனக்கு க்யூ பிடிக்கச் சொல்லிக் குடுக்க மட்டும்தான் தெரியும்.

— இங்கிருந்து வீட்டுக்கு ஓடினா பத்து நிமிஷம். நாலு மணி வண்டின்னு நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு, இன்னும் அரை மணி இருக்கு.

— ஓடு. போடா, நான் உங்கம்மாகிட்ட பேசிக்கறேன். திட்டினா வாங்கிக்கறேன்.

— நான் ஓடினா அவளும் பின்னாடியே ஓடி வருவா. அவ அப்பா செல்லம். அவர் வண்டி ஏறறதைப் பார்த்தா காலைக் கட்டிக்குவா, விட மாட்டா. அதை என்னால பார்க்க முடியாது மாமா.

— அப்போ நீ பார்க்க வேண்டாமா உங்கப்பாவை?

— வேணும். ஆனா அவளுக்கு எதுவும் தெரியாது. வர்றா. நீங்க சொல்லிக் குடுங்க. எதையாவது சொல்லிக் குடுத்துக்கிட்டே இருங்க.

— என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? மாமா, தண்ணி. அண்ணா, நீயும் குடி. மூஞ்சி ஏன் இப்படி வேர்த்திருக்கு?

— ஃபேன் சரியா சுத்தல.

— மாமா, பாவம் மாமா அவன். ஒரே ஒரு கலர் பந்து குடுங்க. உங்க கணக்குல இன்னிக்கே ரெண்டாவது நாள்னு வெச்சுக்குவோம்.

— வெச்சுக்கோங்க. எனக்கும் பிடிவாதம் பிடிக்கத் தெம்பில்ல. இந்தச் சிவப்பை அந்த மூலைக்கு அனுப்பணும். பாக்கெட்டுலேர்ந்து சிவப்பு வழியா ஒரு கோடு போடு மனசுல. அந்தக் கோடு சிவப்போட முதுகுல எங்க வெளிய வருதோ, அங்க வெள்ளை போய்த் தொடணும். மெதுவா. வேகம் வேண்டாம்டா.

— போயிடுச்சு. அண்ணா, சிவப்பு உள்ள போயிடுச்சு.

— வெள்ளையும் பின்னாடியே போயிடுச்சு குட்டி.

— அதனால என்ன?

— வெள்ளை விழுந்தா உள்ள போனது கணக்குல வராது. எதிராளி முறை.

— அநியாயம். இன்னொரு தடவை அடி அண்ணா. இன்னும் நாலு தடவை அடி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, இல்ல மாமா?

— இல்லம்மா. ஒரு அவசரமும் இல்ல.

— நீயே அடி குட்டி. நான் கை கழுவிட்டு வரேன், க்யூ முனைல தடவற சாக்பீஸ் பொடி ஒட்டியிருக்கு.

— முகத்தையும் கழுவிக்கோடா. மெதுவா வா.

— மணி என்ன மாமா?

— நாலு பத்து. அவன் வந்ததும் கிளம்பலாம்.

— அப்போ அப்பா போயிருப்பாரு.

— குட்டி.

— மெதுவா பேசுங்க. அண்ணனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.

— உனக்கு யாரும்மா சொன்னா?

— அப்பாதான். நேத்து ஸ்கூல்ல விடறப்போ. நான் அழல. அவர் வீட்ல இருந்தா அம்மா சாப்பிடறதே இல்ல மாமா. தட்டை எடுத்துட்டு வந்து அப்படியே வெச்சுடறாங்க. நான்தான் தினமும் பார்க்கறேன். போனா நல்லதுன்னு தோணுச்சு.

— தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டிருந்தே? அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா.

— எப்படிச் சொல்றது? 'உங்கண்ணன் மட்டும் வாசல்ல வந்து நின்னுட்டான்னா என்னால போக முடியாது, இருந்துடுவேன்'னு சொன்னாரு அப்பா. அதான், உங்ககிட்ட கத்துக்கணும்னு அம்மாகிட்ட அடம் புடிச்சு, நான்தான் அவனை இங்க இழுத்துட்டு வந்தேன்.