பத்திரச் செலவில் சேராதது

— பத்திரத்துக்கு ஏழு பர்சென்ட், பதிவுக்கு ரெண்டு. இருபத்தெட்டு லட்சத்துக்கு ரெண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். அது நேத்தே ஆன்லைன்ல கட்டியாச்சி. இன்னிக்கிக் கையில குடுக்க வேண்டியது புரோக்கருக்கு இருபத்தெட்டாயிரம், பத்திரம் எழுதுறவருக்கு எட்டு. கரண்டு, வீட்டு வரி பேரு மாத்த ஆறு. சரியா?

— சரிதாம்மா. இன்னா எஸ்தரு, ரிஜிஸ்தர் ஆபீசுல வந்தும் பில்லு போட்டுக்கினு இருக்குற? பட்டுக் கடைக்கு லீவு சொல்லிட்டுத்தான வந்த?

— அப்ப இந்தக் கவரு எதுக்கு?

— எந்தக் கவரு?

— உன் பையில, சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழ. ஐநூறு ரூபா கட்டு ஒண்ணு. மூஞ்சியத் திருப்பாத சத்யராஜு. ஐம்பதாயிரம் எதுக்கு?

— அது... நகர் சங்கத்துக்கு நன்கொடை. தண்ணி, தெரு லைட்டு எல்லாம் அவங்கதான பாக்குறாங்க. அத்த வுடு, பாத்துக்கலாம்.

— எங்க கடைக்குப் பொடவ எடுக்க வர்ற குமுதவல்லி டீச்சரு அதே நகர்லதான் போன வருசம் வீடு வாங்குனாங்க. ஐயாயிரம்தான் குடுத்தேன்னாங்க. அவங்களுக்கு ஐயாயிரம், நமக்கு ஐம்பதாயிரமா?

— மெதுவாப் பேசும்மா. பாக்குறாங்க.

— பாக்கட்டும். பணம் ஏது?

— கம்பெனில அட்வான்ஸு வாங்குனேன். ரெண்டு மாசச் சம்பளம்.

— திரிஷாவுக்கு அடுத்த மாசம் காலேஜ் பீசு கட்டணும். பஸ் ஓட்டிக்கினே அதெல்லாம் மறந்துட்டியா? யாரு கேட்டாங்க இந்தப் பணத்த?

— சங்கச் செயலாளரு. ரெண்டாவது வாட்டி வீடு பாக்கப் போனேன்ல, அன்னிக்கித் தனியாக் கூப்புட்டாரு. மரியாதையாத்தான் பேசுனாரு. சொந்த ஊரு எதுன்னாரு. தாமல்னேன். தாமல்ல எங்கன்னாரு. ஏரிப் பக்கம்னேன். ஊரா, காலனியான்னாரு.

— நீ இன்னா சொன்ன?

— உள்ளதச் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரல.

— அப்புறம்?

— சிரிச்சாரு. "எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. மனை வெல எறங்கிடும்னு மத்தவங்கதான் பயப்படுவாங்க. ஒரு ஐம்பது குடுத்துடுங்க, நான் பேசிக்கிறேன்"னாரு.

— மூணு வாரம் ஆவுது. எங்கிட்ட எப்பச் சொல்லலாம்னு இருந்த?

— சொன்னா நீ வீடே வேணாம்ப. வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸு ரெண்டு லட்சம் திரும்பி வராது. பதிமூணு வருசமா வாடகை வீட்ல இருக்குறோம் எஸ்தரு. எத்தினி வாசல்ல நின்னோம்? முதல்ல வாங்க வாங்கம்பாங்க, விசாரிச்சிட்டு வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்பாங்க. இது நம்ம வீடு. எவனும் காலி பண்ணுன்னு சொல்ல முடியாது. பத்திரச் செலவுல இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிக்கம்மா.

— பத்திரச் செலவுக்கு ரசீது இருக்குது. இதுக்குக் குடுப்பாங்களா?

— ஐயாயிரத்துக்குக் குடுப்பாங்களாம்.

— மீதிக்கு?

— மீதி கணக்குல வராதாம்.

— சரி, குடுத்துட்டம்னே வெச்சிக்க. அப்புறம் நிம்மதியா இருக்க வுடுவாங்களா?

— அத்தத்தான் யோசிக்கிறேன்.

— இன்னா யோசன? வாயத் தொறயேன்யா.

— நேத்து வெங்கடேசன் சாரு போன் பண்ணாரு.

— நமக்கு வீட்ட விக்கிறாரே, அவரா? இன்னாவாம் அவருக்கு?

— ஏழு வருசம் முன்ன அந்த வீட்டுக்குக் குடி வந்தப்ப, அவருகிட்டயும் ஐம்பதாயிரம் வாங்குனாங்களாம்.

— அவருகிட்ட எதுக்கு? அவரு பேங்க் ஆபீசராச்சே.

— அவரும் நம்ம ஆளுங்கதான் எஸ்தரு. நமக்கே தெரியல பாரு. பணம் வாங்கிக்கினு, ஒரு பொங்கலுக்கும், ஒரு மீட்டிங்குக்கும் அவரக் கூப்புட்டதில்லியாம். தெருவுல சாக்கடை அடச்சிக்கினா மட்டும் அவரு வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்களாம். அவரு பையன் கேட்டானாம், நம்மளயே ஏம்பா கூப்புட்றாங்கன்னு. அன்னிக்கித்தான் விக்கிறதுன்னு முடிவு பண்ணாராம். "தெரிஞ்சிக்கினு வாங்குங்க, அப்புறம் என்ன திட்டாதீங்க"ன்னாரு.

— ஐயோ ஆண்டவரே.

— டோக்கன் நாப்பத்தி மூணு. நம்மளத்தான் கூப்புட்றாங்க. வேணாம்னா இப்பவே சொல்லு, எழுந்து போயிடலாம். அட்வான்ஸு போனாப் போவுது.

— ஏன் போவணும்? வா, கையெழுத்துப் போடுவோம். செயலாளரு கையில அஞ்சாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா வெக்காத. குடுத்தவரு காலி பண்ணிக்கினு போறாரு. நாம குடுக்காம இருந்து பாப்போம்.