ஆறு மீட்டர் போதும்

எனக்குக் கலங்கல் தண்ணீர் பிடிக்காது. குடத்தில் துளி மண் தெரிந்தாலும் கொட்டிவிட்டு வேறு பிடிப்பேன். சுரங்கத்தில் எனக்குக் கிடைத்த வேலையும் அதற்கேற்றதாகவே அமைந்தது.

மழை பெய்தால் சுரங்கத்தின் கழிவுமண் மேட்டிலிருந்து சேறு வழியும். அதை அப்படியே ஓடையில் விடக்கூடாது. ஒரு குட்டையில் நிறுத்தி, மண் அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை அனுப்ப வேண்டும். பெருமழையில் குட்டை நிறைந்தால், கரையை உடைக்காமல் உபரித் தண்ணீர் வெளியேற ஒரு வாய் வேண்டும். அதற்குப் பெயர் கலிங்கு. அதன் அகலம் ஆறு மீட்டர் என்று முடிவு செய்தவள் நான்.

அந்த ஆறு மீட்டரைத்தான் என் கொழுந்தன் கேலி செய்தான். அதே சுரங்கத்தின் பள்ளத்தில் பம்ப் ஓட்டுகிறவன். என் வரைபடத்தில் கழிவுமண் மேடு பச்சையாக இருக்கும். அதில் புல் நடுவதாகத் திட்டம். புல் இருந்தால் மழையில் பாதியை மண்ணே குடித்துவிடும் என்று வைத்துத்தான் ஆறு மீட்டர் கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வருடமாக யாரும் நடவில்லை. எங்கள் அலுவலகத்தில் தாளில் இருப்பதுதான் தரை.

ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"அண்ணி, மேட்டுல ஒரு புல்லுகூடக் காணோமே. ஆடு மேஞ்சிருச்சா?"

"நடுவாங்க" என்றேன்.

"மழைகிட்டயும் அதையே சொல்லிப் பாருங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கும்."

மேலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, கலிங்கை அகலமாக்கணுமோ?" என்றார். தேவையில்லை என்றேன். "சரி, அடுத்த பெருமழையில தெரிஞ்சிரும்" என்றார்.

எனக்குக் கொழுந்தன்மேல் கோபம் இல்லை. அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பதே நான்தான். அவன் மகள் தன் அம்மாவைவிட என்னிடம்தான் ஒட்டிக்கொள்வாள்.

பெருமழை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நான் கரைமேல் நின்று அளவுகோலைக் கவனித்தேன். கலிங்கு முழுவேகத்தில் ஓடியும் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. கரை விளிம்புக்கு இரண்டு சாண்தான் மிச்சம். கரைக்குக் கீழே பதினொரு வீடுகள் இருக்கின்றன.

குட்டைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் ஒரு மதகு உண்டு. திறந்தால் பாதித் தண்ணீர் சுரங்கப் பள்ளத்துக்குள் திரும்பிவிடும். கோடை மழைத் தண்ணீரைப் புழுதி அடக்கப் பயன்படுத்துவதற்காக வைத்தது. திறக்கும் முன் வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று பள்ளத்திலிருந்து பதில் வந்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். இந்த விதியை எழுதியதும் நான்தான்.

சொன்னால் மேலாளருக்கும் கேட்கும். கலிங்கு போதவில்லை என்று நானே அறிவித்ததாகிவிடும். எனவே சொல்லாமல் திறந்தேன். இருபத்திரண்டு சுற்று.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் குரல் வந்தது.

"அண்ணி, மேற்குச் சரிவுலேருந்து தண்ணி கொட்டுது. மதகு மூடித்தானே இருக்கு?"

"மூடித்தான் இருக்கு தம்பி. மழைத்தண்ணிதான்."

"அப்பச் சரி. பம்பைக் கழட்டி மேல ஏத்திட்டு வந்துடறோம். மூணு பேர் இருக்கோம், நீங்க பயப்படாதீங்க."

மதகுத் தண்ணீர் என்றால் பம்பைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மழைத்தண்ணீர் என்றால் அவகாசம் உண்டு. இது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

அவன் இரண்டாம் முறை கூப்பிட்டபோது நான் அளவுகோலைப் பார்த்து மட்டத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். மட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

மூன்று பேரின் உடல்களையும் மறுநாள் எடுத்தார்கள். அன்று அவன் மகளைத் தூங்க வைத்தது நான்.

மதகு திறந்திருந்ததை விசாரணைக்கு வந்த நீங்கள் கண்டுபிடித்தீர்கள். மூடியிருப்பதாகவே நினைத்தேன் என்றேன், நம்பினீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உங்கள் முதல் அறிக்கையில், கலிங்கு போதாததால் யாரோ மதகைத் திறந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் இன்று நானாக வந்தேன்.

பதினொரு வீடுகளைக் காப்பாற்றத்தான் திறந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கும் அவசியம் இருக்கவில்லை. நேற்று மழைமானிப் பதிவை வாங்கி, புல் இல்லாத வெறும் மண் என்றே வைத்து, மறுபடி கணக்குப் போட்டேன். அன்று பெய்தது நான் எதிர்பார்த்த பெருமழையில் பாதிதான். மதகைத் தொடாமலே இருந்திருந்தாலும் கரைக்கு ஒரு சாண் மிஞ்சியிருக்கும். மூன்று தடவை சரிபார்த்தேன். கணக்குத்தாள் இதோ.

மதகைத் திறந்தது நான். மூடியிருக்கிறது என்று அவனிடம் சொன்னதும் நான். அதை உங்களுக்குத் தோன்றுகிற இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் போதும் என்பதை மட்டும் முதல் பக்கத்தில் போடுங்கள். மேலாளர் கடைசிவரை படிக்கிறவர் இல்லை.