ஒன்பது பேருக்கு ஒரு ஹனிமூன்

இருங்கோ அக்கா, இந்தக் கதிரையில இருங்கோ, மற்றதுக்கு ஒரு கால் ஆடும். டிக்கெட் எடுத்துக் குடுக்கிற கலீலுர் றஹ்மான் நானா இப்ப வந்திடுவார். கொழும்புக்கு டெலிபோன் எடுக்கத் தபால் கந்தோருக்குப் போயிருக்கிறாராம். சித்திரை லீவு வருகுதெல்லே, இந்தியாவுக்குப் போற கப்பலில ஒரு இடமும் இல்லை. போன வருசம் தலைமன்னார் இறங்குதுறையில சனம் பாய் போட்டுப் படுத்துக் கிடந்ததாம். நீங்கள் கடல் தாண்டி மூதூர் லோஞ்சியிலயே வந்தனீங்கள்? பாத்தாத் தெரியுது, காத்தடிச்ச முகம். மகன்ர பாஸ்போட் விசயமே? அது பயப்பிடாதேங்கோ, இப்ப ரெண்டு வருசமா எல்லாருக்கும் லேசாக் குடுக்கினம்.

நானே? நான் ஹனிமூன் விசயமா வந்தனான். ஓம், என்ர ஹனிமூன்தான். சிரியுங்கோ, சிரியுங்கோ, நானும் காலமையில இருந்து கொடுப்புக்குள்ள சிரிச்சுக் கொண்டுதான் திரியிறன். ஏழாம் வகுப்புப் பிள்ளையளும் கண்டிட்டுதுகள். ரீச்சருக்கு இண்டைக்கு என்ன நடந்தது எண்டு பின்வாங்கில ஒரே குசுகுசுப்பு.

தை மாசம்தான் கலியாணம் முடிஞ்சது. இவர் துறைமுகக் கந்தோரில கிளாக். சொந்த இடம் பருத்தித்துறை. எங்கட பக்கத்தில மாப்பிளை பொம்பிளை வீட்டில வந்து இருக்கிறதுதானே. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனா எங்கட வீட்டில இருக்கிறது மூண்டு அறை, எங்களுக்குத் தந்த அறையிலதான் வீட்டு அலுமாரி நிக்குது. நாலு பேர் சேந்து தள்ளினாலும் அரக்க ஏலாத அலுமாரி. அவ்வளவு பேற்றை உடுப்பு, மருந்து, கடுதாசி எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. விடியக் காலமை அப்பா சால்வை எடுக்க வருவார். பேந்து சித்தி தைலப் போத்தலுக்கு வருவா. தங்கச்சி ஊசி தேடி வருவாள். ஒருநாள் இவர் எனக்கு ஏதோ சொல்லவெண்டு வாயெடுக்க, அம்மா வந்திட்டா. ஒண்டுமில்லைப் பிள்ளையள், நீங்கள் கதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு அலுமாரிக்குள்ள தலையை விட்டவ, கால் மணித்தியாலம் வெளியில எடுக்கேல்லை. இவர் பாவம், என்ன செய்வார், மழை வரும் போலக் கிடக்கு எண்டார். ரெண்டு மாசமா நானும் அவரும் மழையைப் பற்றித்தான் கதைச்சிருக்கிறம் அக்கா.

கடற்கரைக்குப் போகலாம்தான். போனனாங்கள். அம்மா தங்கச்சியைத் துணைக்கு விட்டவ. புருசன் பெண்சாதிக்கு என்ன துணை எண்டு கேளுங்கோவன்.

உங்களை எனக்குத் தெரியாது, அதாலதான் சொல்லுறன். எனக்கு இந்த மனிசனைச் சரியாப் பிடிச்சுக் கொண்டுது. பேசிச் செய்த கலியாணம்தான், முதல் கிழமை நிமிந்து முகம் பாக்கவும் பயம். பேந்தொரு பின்னேரம் நான் கொப்பி திருத்திக் கொண்டிருக்கிறன், ஒண்டும் பறையாமல் பக்கத்தில வந்திருந்து என்ர பென்சிலெல்லாத்தையும் சீவி வைச்சார். ஒரு பெட்டிப் பென்சில். அண்டையில இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. இந்த மனிசனுக்கு என்ன பிடிக்கும், சின்னனில என்ன குழப்படி செய்தவர், ஒண்டும் தெரியாது. ஆறுதலா இருந்து கேக்கவேணும் போல கிடக்கு. கேக்க விட்டாத்தானே.

ஆனா நாங்களும் விடேல்லை. இவர் கந்தோருக்குக் கொண்டுபோற சாப்பாட்டுக் கரியர் இருக்கெல்லே, அதுக்குள்ளதான் எங்கட கதை. காலமை மேல்தட்டு மூடிக்குள்ள நான் ஒரு கடுதாசித் துண்டு எழுதி வைப்பன். பின்னேரம் வெறும் கரியர் மறுமொழியோட வரும். அம்மா ஊரெல்லாம் பெருமையாப் புளுகித் திரியிறா, என்ர பிள்ளை புருசன்ர கரியரை வேற ஒருத்தரையும் கழுவ விடாள் எண்டு.

அப்பிடி ஒரு துண்டிலதான் எழுதினவர், சித்திரை லீவில கப்பலேறிக் கொடைக்கானலுக்குப் போவம், நாங்கள் ரெண்டு பேர் மட்டும் எண்டு. மட்டும் எண்டதுக்குக் கீழ கந்தோர்ச் சிவப்பு மையால ரெண்டு கோடு. எனக்கு அண்டிரவு சோறு இறங்கேல்லை. அங்க ஏரியாம், வள்ளமாம், குளிராம். திருகோணமலையில பிறந்தவளுக்குக் குளிரெண்டா என்னெண்டு தெரியும்? சித்தியின்ர பழைய கம்பளிச் சட்டையைக் களவா எடுத்துப் போட்டுக் கண்ணாடியில பாத்தனான். வேர்த்து ஒழுகிச்சுது.

பேந்து என்ன, எல்லாத்தையும் கெடுத்தது இவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடேக்க விசயத்தைச் சொன்னார். அதோட விட்டிருக்கலாம். மரியாதையான மனிசன், அம்மான்ர பக்கம் திரும்பி, நீங்களும் வாங்கோவன் மாமி எண்டார். அவற்றை வீட்டில அப்பிடித்தானாம் கேக்கிறது. கேட்டவர் மரியாதைக்குக் கேப்பாராம், மற்றவர் மரியாதைக்கு, இல்லைத் தம்பி நீங்கள் போட்டு வாங்கோ எண்டு சொல்லுவாராம், விசயம் முடிஞ்சுது. எங்கட வீட்டில அந்த ரெண்டாம் பாதி இல்லையே. அம்மா கையிலெடுத்த சோத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில வைச்சா. ஓம் மகன், பழனிக்கு ஒரு நேத்தி கிடக்கு எண்டா. என்ன நேத்தியெண்டு கேளுங்கோ, எனக்குக் கலியாணம் சரிவரவேணுமெண்டு வைச்ச நேத்தி. அதுக்கு மேல நான் என்னத்தைக் கதைக்கிறது?

அம்மா போனா அப்பா தனிய நிப்பாரே? அப்பா வந்தார். குமர்ப்பிள்ளையை விட்டிட்டுப் போகேலாது, தங்கச்சி வந்தாள். சித்தி அழத் தொடங்கினா, சித்தப்பாவுக்கு ராமேசுவரத்தில செய்யவேண்டிய கடமை இன்னும் செய்யேல்லையாம். என்ர ஹனிமூனில திவசம் அக்கா. லிங்கநகரில அம்மான்ர தமையன் இரத்தினசிங்கம் மாமா இருக்கிறார், அவருக்கு முழங்கால் நோ, மதுரையில எண்ணெய் வைத்தியரொருத்தர் இருக்கிறாராம். மாமியில்லாமல் மாமா தெருத்தாண்டமாட்டார், மாமியும் வந்தா. பக்கத்து வீட்டுக் கனகம்மாக்காவை வீடு பாக்கச் சொல்லிக் கேக்கப் போன அம்மா, அவவையும் கூட்டிக் கொண்டு வந்து நிக்கிறா. அவவுக்குக் காஞ்சிபுரச் சேலை வேணுமாம். எண்ணிப் பாருங்கோ, ஒன்பது பேர். கொடைக்கானலை முதல் ரெண்டு நாளாக் குறைச்சினம், பேந்து அரை நாளாக்கிச்சினம், கடைசியா மாமா சொன்னார், குளிர் முழங்காலுக்குக் கூடாதெண்டு. வெட்டியாச்சு.

அண்டைக்கு நான் கிணத்தடியில நிண்டு அழுதனான். கரியர்த் துண்டில, எல்லாம் உங்களால வந்தது எண்டு கோவமா எழுதி வைச்சன். மறுமொழியே வரேல்லை. ரெண்டு நாளா வெறும் கரியர். நான் நினைச்சன், கோவிச்சுப் போட்டார், இனி மழைக் கதையும் இல்லையெண்டு.

பேந்து போன செவ்வாய்க்கிழமை, இவர் கந்தோரால வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக் கொண்டு நிக்கிறார். லீவு இல்லையாம். துறைமுகத்துக்குக் கனக்கக் கப்பல் வருகுதாம், சித்திரை முழுக்க ஒருத்தரும் அசையேலாதாம். நீங்களெல்லாம் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாத்துக் கொண்டிருக்கிறன் எண்டார். அம்மா என்ர கையைப் பிடிச்சு, பிள்ளை, புருசனை விட்டிட்டு நீ என்னெண்டு வாறது, அவருக்கு ஆர் சோறு குடுக்கிறது, அடுத்த வருசம் பாப்பமம்மா எண்டு கண்கலங்கிப் போனா. சித்தி என்ர தலையைத் தடவினா. மாமா, தன்ர டிக்கெட்டை வேணுமெண்டா விடுறன் எண்டவர். அவற்றை டிக்கெட்டை வைச்சு நான் என்ன செய்யிறது?

ஏனக்கா, உங்கட முகம் வாடுது? ஐயோ, நீங்களும் அம்மா மாதிரித்தான். எனக்காகக் கவலைப்படாதேங்கோ. கிட்ட வாங்கோ, சொல்லுறன். அங்கால மேசையில இருக்கிற பெடியனுக்குக் கேக்கக் கூடாது.

லீவு கிடைச்சிட்டுது. திங்கக்கிழமையே கந்தோர்ப் பெரியவர் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டார், மூண்டு கிழமை முழுசா. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கரியரைத் திறக்கிறன், லீவுக் கடுதாசி நாலா மடிச்சுக் கிடக்கு, மூலையில ஒரு வரி, போறவை போகட்டும் எண்டு. அதையும் கையில வைச்சுக் கொண்டு, முன்விறாந்தையில அம்மா ஐயோ மருமகனுக்கு லீவில்லையாம் எண்டு கனகம்மாக்காவுக்குச் சொல்லுறதையும் கேட்டுக் கொண்டு நிண்டனான். சிரிப்பை அடக்கேலாமல் சாம்பலை அள்ளிப் போட்டுக் கரியரைத் தேய் தேயெண்டு தேய்ச்சதில அடியே மின்னிச்சுது.

பாவம்தான். அம்மாவுக்குப் பொய் சொன்னது எனக்கும் குத்துது. இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா அவ சந்தோசமாப் பழனிக்குப் போறா, நேத்தி தீரும், மாமாவின்ர முழங்காலும் சுகம் வரட்டும். நாங்கள் ரெண்டு பேரும் ஸ்டேசனுக்குப் போய்க் கை காட்டுவம். றெயின் வெளிக்கிட்ட உடன வீட்டை வந்து முன்கதவைப் பூட்டுவம். இருபத்தொரு நாள் அக்கா. எங்கட ஹனிமூன் எங்கட வீட்டிலதான். என்ன செய்யப் போறியளெண்டே கேக்கிறீங்கள்? கதைக்கப் போறம். சத்தமாக் கதைக்கப் போறம். குசினியில நிண்டு நான் கேக்க, அவர் கிணத்தடியில நிண்டு மறுமொழி சொல்லவேணும்.

இந்தா, நானா வந்திட்டார். வாங்கோ நானா. அந்த ஒன்பது டிக்கெட் விசயம்தான், அதில ரெண்டை வெட்டோணும். ஓம், சீசன்தான், தெரியும். ஆருக்கும் குடுங்கோ, நிண்ட நிலையில போகும். மற்ற ஏழும் கிடக்கட்டும். எந்த ரெண்டு பேரோ? ஒண்டு பூரணி, அது நான். மற்றது...

எழுதித் தாறன், பேனையைத் தாங்கோ. இல்லை, வேண்டாம், எழுதுங்கோ, நானே சொல்லுறன். ஆனந்தராசா.

கேட்டீங்களே அக்கா? இந்த ரெண்டு மாசத்தில இண்டைக்குத்தான் அவற்றை பேரை வாயால சொல்லுறன்.