ஹெல்காவின் மறதி

வண்டியை உங்கள் காவல் நிலைய வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். வந்த நேரத்தைக் காட்டும் அட்டையையும் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டேன். நிறுத்த அனுமதித்த நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

என் பெயர் தௌனோ. நம் ஊர் மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவன். யாருக்கு என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர்களும் நர்சுகளும் கணினியில் தட்டுவதெல்லாம் கடைசியில் என் பொறுப்பில்தான் வந்து சேரும். நான் எந்த நோயாளியையும் தொட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் ஒரு பேட்டரியில் தொடங்கியது. தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக் என்ற கோப்பில் வரிசையாக எழுதும். பிறகு ஆற அமர உரிய இடத்தில் சேர்க்கும். நடுவில் இயந்திரம் விழுந்தாலும் பயமில்லை. எழுந்ததும் லாக்கைப் படித்துத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஒரே ஒரு நிபந்தனைதான். எழுதியாயிற்று என்று தரவைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

எங்கள் பெட்டி வந்ததைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே ஆயிற்று என்று சொல்லிவிடும். மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காப்பாற்ற உள்ளே ஒரு பேட்டரி. அது பலவீனமானதும் பெட்டி எச்சரிக்கை கொடுத்துவிட்டு நேர்மையாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. உண்மையிலேயே டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் பதில் சொன்னது. அதனால் எல்லாம் மெதுவாகிவிட்டது.

மேலாளர் ரெய்யோ என் அறைக்கு வந்தான்.

"தௌனோ, கீழ அவசரப் பிரிவுல ஸ்க்ரீன் நகரவே மாட்டேங்குதாம். டாக்டருங்க என்னைப் போட்டு வறுத்தெடுக்கறாங்க. ஏதாவது பண்ணு."

"புது பேட்டரி வர்ற வரைக்கும் இப்படித்தான்."

"ஆர்டர் போட்டியா?"

"போட்டாச்சு."

போடவில்லை. மறந்திருந்தேன். அதை அவனிடம் சொல்வதற்குப் பதிலாக, பேட்டரியைப் பொருட்படுத்தாதே, பழைய வேகத்தில் போ என்று பெட்டிக்கு உத்தரவு கொடுத்தேன். புகார்கள் நின்றன. ரெய்யோ எனக்கு ஏலக்காய் பன் வாங்கி வந்தான். நன்றாக இருந்தது. பேட்டரி எனக்கு மறுபடி மறந்துபோனது.

அக்டோபரில் ஒரு மதியம் பெட்டியின் கட்டுப்பாட்டு அட்டை எரிந்தது. டிஸ்க்கில் எழுதாமல் நினைவகத்திலேயே இருந்தவை அதோடு போயின. மாற்று அட்டை போட்டோம். தரவுத்தளம் எழுந்தது, லாக்கைப் படித்தது, நடுவில் ஒரு ஓட்டையைக் கண்டு நின்றுவிட்டது. திரும்ப எழுப்பினேன். அதே இடத்தில் நின்றது. ஓட்டைக்கு அந்தப் பக்கமும் எழுத்து இருந்தது. ஆனால் இடையில் பாலம் இல்லை.

ரெய்யோ என் நாற்காலிக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றான். "வருமா வராதா, ஒண்ணு சொல்லு."

சரியான வழி எனக்குத் தெரியும். முந்தைய நாள் நகலை எடுத்துப் போட்டுவிட்டு, இன்று தட்டியதையெல்லாம் திரும்பச் சரிபாருங்கள் என்று வார்டுகளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே லாக்கை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலை ஓட்டை இருந்த இடத்தில் வெட்டி, அதற்கு அப்பால் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். தரவுத்தளம் சமர்த்தாக எழுந்துகொண்டது.

"எல்லாம் வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துடுச்சு."

அவன் என் தோளைத் தட்டிவிட்டு வார்டுகளுக்குச் சொல்லப் போனான்.

மர்யுத் நீச்சல் ஆசிரியை. பித்தப்பை அறுவைக்காக அன்றுதான் வந்திருந்தாள். எனக்குப் பென்சிலின் மட்டும் வேண்டாம், சின்ன வயதில் ஒரு முறை செத்துப் பிழைத்தேன் என்று வார்டு நர்ஸ் ஹெல்காவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஹெல்கா தட்டிவிட்டுப் பணி முடிந்து வீட்டுக்குப் போனாள். மாலையில் மர்யுத் அரைமயக்கத்தில் இருந்தாள். டாக்டர் ஸ்க்ரீனைப் பார்த்தார். ஒவ்வாமை என்ற இடம் காலியாக இருந்தது. ஊசி போட்டார்கள். கணவர் ஒலாவி பூவோடு வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

விசாரணையில் ஹெல்கா ஒரே பேச்சில் நின்றாள். "நான் தட்டினேன். கேட்ட எடத்துல என் பேரும் போட்டேன்." நிபுணன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். "சிஸ்டத்துல இல்லன்னா தட்டலன்னுதான் அர்த்தம்" என்றேன். பொதுவாக அது உண்மைதான்.

அதற்கு முந்தைய வாரமே நான் லாக் நகலைத் திறந்து பார்த்திருந்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் மர்யுத்தின் பெயர் இருந்தது, பென்சிலின் இருந்தது, ஹெல்காவின் பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். செத்தவள் அதனால் எழுந்து வரப்போவதில்லை என்று நினைத்ததாக ஞாபகம்.

ஹெல்காவின் உரிமம் போனது. பசுமைக்குடிலில் தக்காளி பறிக்கும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் கடையில் ரொட்டி அடுக்குக்கு முன்னால் எதையும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. பேசினேன். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். ஒழுகும் குழாயைச் சரிசெய்தேன். சவுனா நீராவிக் குளியலறைக்கு விறகு பிளந்து கொடுத்தேன். தவறான எண்ணம் எதுவும் இல்லை. அவள் தூங்குவதில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

"தட்டினேன்னு என் கைக்கே தெரியும் தௌனோ. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"தெனம் செய்யற வேலை ஹெல்கா. செய்யாத அன்னிக்கும் செஞ்ச மாதிரிதான் தோணும். மறதி யாருக்குத்தான் இல்ல? அதுக்கு நீ கெட்டவ ஆயிட மாட்ட."

பனிக்காலம் முழுக்க இதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். பனி உருகும் சமயத்தில் ஒருநாள், "ஒருவேளை நான் தட்டலையோ" என்றாள். நான் தலையசைத்தேன். அதன் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

ஒலாவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். நானே வண்டியில் கூட்டிப்போனேன். அவள் காலணியைக் கழற்றிவிட்டு அவர் வீட்டு முன்னறையில் நின்று, "உங்க மனைவி என்கிட்ட சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்" என்றாள். அவர் வாசல் கதவைத் திறந்து பிடித்தார். "இனிமே இங்க வராதீங்க" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் இல்லன்னா இதைச் சொல்ற தைரியம் எனக்கு வந்திருக்காது."

அன்றுகூட நான் சரியாகத்தான் இருந்தேன். போன வாரம்தான் அது நடந்தது. சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவள் சொன்னாள். "இப்ப நல்லா ஞாபகம் வருது. கையில காபிக் கோப்பை இருந்துச்சு, நீலக் கலர். குடிச்சிட்டுத் தட்டிக்கலாம்னு உக்காந்தேன். அப்படியே விட்டுட்டேன்."

அந்தக் கோப்பையை அவளுக்கு நான் கொடுக்கவில்லை. நான் சொன்னது மறதி என்பதை மட்டும்தான். கோப்பையை அவளாகவே எங்கிருந்தோ எடுத்து வந்திருக்கிறாள், நிறத்தோடு. அவள் உரித்த கிழங்கைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆகவே இதை எழுதிக்கொள்ளுங்கள். ஹெல்கா தட்டினாள். தட்டியதைத் தொலைத்தது நான், தொலைந்தது தெரிந்தும் மறைத்தது நான், அவள் தட்டியதற்கு இருந்த ஒரே சாட்சியை அழித்ததும் நான். மர்யுத் செத்தது என்னால். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஹெல்காவிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கொஞ்சம் யோசியுங்கள். இப்போதுதான் அவள் தூங்குகிறாள். அவளை இந்த நிம்மதிக்குக் கொண்டுவர நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.