கடலுக்குள் போன கேபிள்

பேய்க் கதை என்றதும் யாரும் இருட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். இது நடந்தது பட்டப்பகலில். வெள்ளிக்கிழமை, உச்சி வெயில், ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம்...

சஃபா, சிரிக்காதே. கரண்ட் போய்விட்டது. பத்து விரலிலும் மருதாணி ஈரம், போனைக்கூடத் தொட முடியாது. நான் சொல்வதைக் கேட்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை. மாஷிதா, நாளைக்கு உனக்கு நிக்காஹ். பயமாக இருந்தால் நடுவில் வந்து உட்கார். அந்த மொட்டைமாடிச் சுவரில் சாயாதே என்று எத்தனை தரம்தான் சொல்வது?

என் கூட்டாளி உம்மு ஹபீபா இருக்கிறாளே, அவளுடைய தாய்மாமன் மகன் நுஃமான். சவூதியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுப் பெரியபட்டினத்துக்கே திரும்பி வந்தவர். கடைகளிலும் ஆபீஸ்களிலும் ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு இணைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. இணைப்பு அறுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரே தம்பி, வசீம். நண்டு வலைக்குச் சின்னப் படகில் தனியாகப் போகிறவன்.

உங்கள் ஊரில் எப்படியோ, அங்கே வியாழக்கிழமை கடலுக்குப் போனவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் கரையேறிவிட வேண்டும். அன்று எல்லாப் படகும் வந்துவிட்டது. வசீம் படகு மட்டும் வரவில்லை.

நுஃமானுக்கு அது தெரியாது. குளித்து, அத்தர் பூசி, வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. படகுக்காரர் சங்க ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெயசுதா. அபிராமத்துப் பெண், வாய் அதிகம் பேசாது. அன்று மூச்சு விடாமல் பேசியது.

"அண்ணே, வசீம் இன்னும் கரைக்கு வரலண்ணே. கச்சான் காத்து ஏறிக்கிட்டே போகுது. 'திரும்பி வா'ன்னு காலையிலேர்ந்து அனுப்புறேன். 'கிடைத்தது'ன்னு பதிலும் வருது. ஆனா..."

"ஆனா என்னம்மா?"

"உள் ரூம் கம்ப்யூட்டர்ல போயிப் பாத்தா, நான் அனுப்புனது ஒண்ணுகூட வந்து சேரலண்ணே. அது வழியாத்தானே கடலுக்கே போகணும்? அப்ப யாருண்ணே 'கிடைத்தது'ன்னு சொல்றது?"

விஷயம் இதுதான். கரைக்கு எதிரே இருக்கும் தீவைத் தாண்டினால் செல்போன் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு படகிலும் சங்கம் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தது. ஜெயசுதா முன்னறையில் செய்தியை அடிப்பாள். அது கேபிள் வழியாக உள்ளறைக் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து கூரை ஆன்டெனா வழியாகக் கடலுக்கு. படகில் இருப்பவன் பட்டனை அழுத்தினால் 'கிடைத்தது' என்று திரும்பி வரும். நடுவில் உள்ளறைக்கே எதுவும் போகவில்லை. ஆனால் பதில் மட்டும் வருகிறது.

நுஃமான் பள்ளி வாசல்வரை போனவர் அப்படியே திரும்பினார். ஜும்ஆவை விடாத மனுஷர். தம்பியாச்சே... கால் தானாகத் திரும்பிவிட்டது.

கடற்கரை ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஆம்பளைகள் எல்லாம் பள்ளியில். கடைகள் சாத்தியிருந்தன. இரண்டு பக்கமும் உடைமரக் காடு. செருப்புக்குள் மணல் நறநறவென்றது. காயப்போட்ட கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. பின்னால் பள்ளி மைக்கில் குத்பா உரை கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு காற்றில் அதுவும் கேட்காமல் போனது. யாரோ கூடவே நடக்கிற மாதிரி இருந்ததா என்று பிற்பாடு உம்மு ஹபீபா கேட்டாளாம். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. யாராவது கூட நடந்தாத் தேவலையேன்னுதான் இருந்துச்சு" என்றாராம். அது எனக்குப் புரிந்தது.

ஆபீஸில் உட்கார்ந்ததும் கோளாறு தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. உள்ளறைக் கம்ப்யூட்டரின் எண்ணையே இன்னொன்றும் வைத்திருந்தது. ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார்? செய்தியெல்லாம் அந்த இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளறைக் கம்ப்யூட்டரை அணைத்தார். அதே எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார். இருக்கிறாயா, இருக்கிறாயா என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கட்டளை உண்டாம், சஃபாவுக்குத் தெரியும். இருக்கிறேன் என்று பதில் வந்தது... தாமதமாக. பக்கத்து அறையைக் கேட்டால் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடுமாம். அமெரிக்காவைக் கேட்டாலும் அரை நொடி ஆகாதாம். இது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"நீ ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே இரு. பதில் நிக்கிறப்ப கத்து" என்று சொல்லிவிட்டு, எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டிக்கு முன்னால் குந்தினார். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தலைவர் அறை. நிற்கவில்லை. பிரிண்டர். நிற்கவில்லை. கடைசியில் பின்சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிற ஒரு பழைய கேபிள். அதைப் பிடுங்கினார்.

"நின்னுருச்சுண்ணே!"

அவ்வளவுதான். உள்ளறைக் கம்ப்யூட்டரைத் திரும்பவும் போட்டார்கள். 'வசீம், உடனே திரும்பி வா.' இந்தத் தடவை செய்தி ஒழுங்காக உள்ளறைக்குப் போனது, கூரைக்குப் போனது, கடலுக்குப் போனது.

பதில் இல்லை.

மறுபடி அனுப்பினார்கள். இல்லை. மறுபடி. இல்லை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை செய்கிற வழியில் பதில் இல்லை. வேலை செய்யாத வழியில்தான் காலையிலிருந்து பதில் வந்திருக்கிறது. நுஃமானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், டேபிளைச் சுற்றி வந்தார்.

"அந்தப் பழைய கேபிளு எங்கம்மா போகுது?"

"பழைய ஐஸ் குடோனுக்குண்ணே. அதத்தான் புயல்ல கடல் கொண்டுபோயிருச்சே."

வெளியே வந்து பார்த்தார். சுவரிலிருந்து இறங்கி, மணலில் கிடந்து, அலைக்குள் போனது கேபிள். கட்டடம் போனால் கேபிள் என்னவாகும்? தொய்ந்து கிடக்கும். இது தொய்யவில்லை. விறைப்பாக நின்றது. கையை வைத்தார்.

வெடுக்... வெடுக்...

இரண்டு இழுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து.

நீங்களும் நானும் என்றால் கையை உதறிவிட்டு ஓடியிருப்போம். கம்ப்யூட்டர் வேலை மட்டும் தெரிந்தவன் என்றால் கேபிளை வெட்டி விட்டிருப்பான். அவர் கம்ப்யூட்டர் படித்தவர்தான், ஆனால் பிறந்தது கடற்கரையில். கயிறு துடித்தால் அந்த ஊர்க் கைக்கு ஒன்றுதான் தெரியும். இழுக்கும். யோசிக்காது. அந்தப் பாவி மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? "ஜெயசுதா, அதத் திரும்பச் சொருகு!" என்று கத்திவிட்டு, காலை மணலில் ஊன்றி இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னண்ணே பண்றீக?"

"பதில் எம்புட்டு நேரத்துல வருது? வாசி!"

நொடியை ஆயிரமாகப் பிரித்துத் திரை காட்டுமாம். அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "மூவாயிரம்ண்ணே..." அவர் இழுத்தார். "ரெண்டாயிரத்துச் சொச்சம்... அண்ணே, கொறையுது..." கேபிள் உள்ளங்கையை அறுத்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். "ஆயிரத்துக்குக் கீழ வந்துருச்சு... நூறு... அண்ணே, கிட்ட வருது, போதும்ண்ணே, விட்டுருங்கண்ணே!" கடைசியில் அவள் குரலே மாறிவிட்டது. "ஒண்ணுக்கும் கம்மி."

ஒன்றுக்கும் குறைவு என்றால் தூரமே இல்லை என்று அர்த்தம். அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற எதுவும் அதைவிடக் கிட்டத்தில் இல்லை.

கேபிளின் நுனி கைக்கு வந்தது. வெறும் நுனி. ஒன்றுமே இல்லை.

தலை நிமிர்ந்தார். காற்று கடலைப் பார்த்து அடிக்கிறது. அதை எதிர்த்துக்கொண்டு, இன்ஜின் சத்தமே இல்லாமல், நேராகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு படகு. வசீம் படகு. அவன்தான் நின்றுகொண்டிருந்தான். சட்டை நனையவில்லை.

நுஃமான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஓடினார். தம்பியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். ஜெயசுதாவும் அழுதாள். வீட்டில் உம்மா அல்லாஹ்வுக்கு நன்றியாக இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதுவிட்டு, கோழி அடித்து ஆக்கினார்கள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கதை முடிந்ததா? முடிந்திருந்தால் நான் ஏன் இந்நேரத்துக்கு இதைச் சொல்கிறேன்?

"வாப்பா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று உம்மா வசீமிடம் கேட்டார்கள்.

வசீம் பார்த்தான். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். உம்மா கரண்டியோடு நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ பேசி முடித்தாள். அப்புறம்தான் அவன் சொன்னான்.

"வைங்க உம்மா."

அதிர்ச்சி என்றார்கள். பயந்திருக்கிறான் என்று ஓதிப் பார்த்தார்கள். ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் அவன் பேரைக் கேட்டார். இவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். காதில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்து வாங்கி, பஸ் ஏறி, பாதி வழி வந்திருப்பார்கள். ஜன்னலோரம் இருந்தவன் திரும்பிச் சொன்னான். "வசீம்."

நாளாக நாளாகப் பதில் வர ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பிடுகிறான், தொழுகிறான், வலை பின்னுகிறான். உம்மாவும் பழகிவிட்டார்கள் பாவம். ராத்திரிச் சோற்றுக்கு என்ன ஆணம் வைக்க என்று விடியற்காலை சுபுஹுக்கே கேட்டுவைத்துவிடுகிறார்கள். பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பதில் வந்துவிடும். பெத்த மனசு, எப்படியாவது பதில் வந்தால் போதும் என்கிறது. கேட்ட எல்லாவற்றுக்கும் இதுவரை பதில் வந்துவிட்டது, எவ்வளவு தாமதமானாலும்.

ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. அது உம்மு ஹபீபாவுக்கு மட்டும் தெரியும். அவளிடம்தான் நுஃமான் சொல்லியிருக்கிறார். அன்று தண்ணீரில் நின்று கட்டிப்பிடித்தபோது, தம்பியின் உடம்பு கைக்கு எப்படியோ இருந்ததாம். பட்ட காயத்தில் உப்பு ஏறுகிற எரிச்சலில், அழுகையோடு அழுகையாக அவன் காதில் கேட்டிருக்கிறார்.

"ஏலே... நீ வசீம்தானடா?"

சஃபா, இப்போது ஏன் சிரிக்கவில்லை?

அதற்கான பதில் இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, யாரும் எதுவும் கேட்காத நேரத்தில், வசீம் வாயைத் திறப்பானாம். திறந்ததைப் பார்த்ததும் நுஃமான் எழுந்து வெளியே போய்விடுகிறார்.