பின்சக்கரத்துக் குழாய்கள்

எங்கள் ஊர் செயாங்கங்காவில் ஜூலை மாதக் காற்று நன்றாக இருக்கும், ஐயா. வெயில் உறைக்காது. பட்டறைக் கதவைத் திறந்து வைத்தால் கரும்பு வெட்டுகிறவர்களின் சிரிப்புகூடக் கேட்கும். முப்பத்தொரு வருடம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். சொன்ன நாளுக்கு வண்டியைக் கொடுக்காமல் இருந்ததில்லை.

ஜக்தீப்பின் லாரி அந்த ஜூலையில்தான் வந்தது. இடது பின்சக்கரத்தில் பிரேக் எண்ணெய் ஒழுகியது. சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டரை மாற்ற வேண்டும். தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் வர இரண்டு வாரம் ஆகும் என்றேன்.

"ரெண்டு வாரமா? வெட்டின கரும்பு காட்டுலயே காஞ்சிடும் பிஸ்வா. ஆலையில என் முறையும் போயிடும். ஒழுகுற சக்கரத்த மட்டும் அடைச்சு விடு. மத்த மூணும் சும்மாவா இருக்கு?"

முதலில் மறுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எதிர்ப் பட்டறைக்குப் போவதாகச் சொன்னார். அந்த ஆள் எதையும் சரியாக முறுக்கமாட்டான். அதற்கு நானே செய்வது நல்லது என்று தோன்றியது.

பெரிய வேலையில்லை. அந்தச் சக்கரத்துக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் இணைப்பைக் கழற்றி, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்றை உள்ளே வைத்து முறுக்கிவிட்டால் போதும். எண்ணெய் அந்தச் சக்கரத்துக்குப் போகாது. சக்கரம் பிரேக் பிடிக்காது. ஆனால் பெடல் காலுக்குக் கெட்டியாகவே இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

லாரி ஓடியது. ஓடுகிற லாரிக்கு ஜக்தீப் எதற்குச் சிலிண்டர் வரவழைக்கப் போகிறார்? ஆகஸ்டில் வலது பின்சக்கரமும் ஒழுகியது. அதையும் அடைத்தேன். ஆனால் இந்த முறை இரண்டு சிலிண்டருக்கும் நானே சுவாவுக்குச் சொல்லி அனுப்பினேன். யாரும் என்னைக் கேட்காமல் செய்தது அது.

லாரியை ஓட்டியவர் சைமோனி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. என்னை அண்ணன் என்ற அர்த்தத்தில் பாயா என்றுதான் கூப்பிடுவார். வண்டி எடுக்க வந்தபோது வழக்கம்போல் கேட்டார்.

"பிரேக் எப்படி பாயா?"

"நல்லாயிருக்கு. மலையில மட்டும் ரெண்டாவது கியர்ல இறங்கு."

"கவலைப்படாதீங்க. என் தொப்பை ஸ்டியரிங்ல முட்டுதுல்ல, அதுவே பாதி பிரேக்கு."

நானும் சிரித்தேன்.

பதின்மூன்று நாள் ஓடியது. பதினான்காம் நாள் மதியம் மழை. பன்னிரண்டு டன் கரும்போடு ஆலை இருக்கும் லம்பாசாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் போனபோது, முன்சக்கரங்கள் இரண்டும் தனியே பாரத்தைப் பிடித்துப் பிடித்துச் சூடேறியிருக்கின்றன. எண்ணெய் கொதித்திருக்கிறது. கொதித்துவிட்டால் பெடலை மிதித்தாலும் பிடிப்பு இருக்காது. கீழே பேருந்து நிறுத்தத்தில் அன்னாசி விற்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சைமோனி அங்கே வரை போகவில்லை. மேலேயே வண்டியை மலைச்சுவரில் மோதும்படி திருப்பிவிட்டார். நல்ல ஓட்டுநர், அதை எப்போதும் சொல்வேன்.

யங்கோனா வேர்ச்சாறு குடித்த மயக்கம் என்று உங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். முந்தின நாள் குடித்தாரா என்று என்னைக் கேட்டார்கள். குடித்தார் என்றேன். அது பொய்யில்லை. ஊரே குடித்தது, ஒரு நிச்சயதார்த்தம். பிரேக்கைச் சோதித்தவர்கள் குழாய்கள் சரியாக இருப்பதாகவும், சிலிண்டர்கள் மோதியதில் ஒழுகியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். தப்பு ஓட்டுநருடையது என்பதால் அவர் மனைவி லிட்டியாவுக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை.

லிட்டியா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் கொண்டுவருவாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"அவரு கடைசியா என்ன சொன்னாரு பாயா?"

"உன் பேரைத்தாம்மா சொன்னாரு."

ஏழு வருடமாக அதே பதில். போன மாதம் கேட்டபோது தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். இப்போதெல்லாம் எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் மேலே யாரோ மூச்சு விடுவது கேட்கிறது. வேலையை விட்டுவிட்டேன். பிறகு கட்டிலில் படுத்தாலும் கேட்டது. அதனால்தான் வந்தேன்.

லாரி மோதிய அன்று லம்பாசா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஐயா. சிலிண்டர்கள் அன்றுதான் கப்பலில் வந்திருந்தன. மோதிய இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். சைமோனிக்கு நினைவு இருந்தது. கால்கள் மட்டும் நசுங்கி மாட்டிக்கொண்டிருந்தன.

"பெடல் தரைக்குப் போயிடுச்சு பாயா," என்றார். பிறகு, "யாராவது வராங்களா?"

தொலைபேசி இருந்த வீடு அரை மைல். என் வேனில் இரண்டு நிமிடம். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அடியில் போனேன். சேறு. இடது பக்கம் சீக்கிரம் கழன்றது. வலது பக்கம் மரை இறுகியிருந்தது. இரண்டு குண்டுகளையும் எடுத்துவிட்டு, இணைப்புகளைப் பழையபடி முறுக்கினேன். இருபத்தைந்து நிமிடம் இருக்கும். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார்.

சைமோனி கேட்டுக்கொண்டே இருந்தார். "வராங்களா பாயா?" ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து, "வராங்க, வராங்க," என்று சொன்னேன். கடைசிவரை அவரைத் தனியாக விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.